லேயர் (முட்டைக்கோழி) குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டும் முறை: ஒன்பதாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை

புத்தகத்தில் இதற்குப் பெயர் அலகு வெட்டுதல். நாமக்கல் பக்கம் பண்ணையில் நின்று அப்படிச் சொன்னால் ஆட்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். டிபீக்கிங் என்றாலோ மூக்கு வெட்டு என்றாலோ உடனே புரிந்துவிடும். குஞ்சின் அலகு நுனியைச் சூடான பிளேடால் வெட்டி, வெட்டிய முகத்தை அதே பிளேடில் சுட்டு, கூர் மறுபடி வளராமல் செய்வதுதான் வேலை.

ஒரு குஞ்சுக்கு இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் நடந்தது, முட்டை குறைந்து கோழி கழிவாக விற்கப்படும் 72 வாரமோ 80 வாரமோ வரை கூடவே வரும். முதல் பேட்ச் இறக்கியபோது எனக்கு இது உறைக்கவில்லை. குஞ்சுக்கு இவ்வளவு என்று பேசி ஆட்களை வரச் சொன்னேன். வந்தார்கள், மிஷினைப் போட்டார்கள், பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வேகத்தைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆறாம் வாரம் எடை போடப் போனால் ஒரு கூண்டில் மொட்டை மூக்கு, பக்கத்துக் கூண்டில் ஊசி மூக்கு, இன்னொன்றில் கீழ் அலகு மட்டும் கரண்டி போல நீண்டு நிற்கிறது. அந்த பேட்ச் முட்டைக்கு வந்தபோது எடையும் ஒரே சீராக இல்லை, கொத்தலும் நிற்கவில்லை. கீழே சொல்வதில் பாதி அந்த பேட்சில் கற்றது. மீதி அதற்கப்புறம் வந்த பேட்ச்களில்.

எதற்காக வெட்டுகிறோம்

கோழிக்கு அலகுதான் கை. தீவனம் எடுப்பது, தண்ணீர் குடிப்பது, இறகு கோதுவது, பக்கத்துக் கோழியை மிரட்டுவது எல்லாம் அதனால்தான். கூட்டமாக வைத்தால் இந்த மிரட்டல் இறகைப் பிடுங்குவதாக மாறும். பிடுங்கிய இடத்தில் ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகளும் சேர்ந்துகொள்ளும். முட்டையிட ஆரம்பித்த சமயத்தில் பின்பக்கச் சதை சற்று வெளியே தெரிந்தால் அதைக் கொத்திக் குடலையே இழுத்துவிடும். காலையில் கூண்டைச் சுற்றி வரும்போது நல்ல எடையுள்ள கோழி ஒன்று பின்பக்கம் காலியாகி விழுந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் தீவனம். கூர் அலகுள்ள கோழி மாவுத் தீவனத்தில் மக்காச்சோளக் குருணையாகப் பார்த்துப் பொறுக்கும், மீதியை வெளியே தள்ளும். ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 110 கிராம். அதில் தினம் இரண்டு கிராம் கீழே போனாலும் பத்தாயிரம் கோழிக்கு 20 கிலோ. அலகு மட்டமாக இருந்தால் பொறுக்க முடியாது, கிடைத்ததை அள்ளித் தின்னும்.

இந்தப் பழக்கம் 1940-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் டியாகோ பகுதிப் பண்ணைகளில் பரவியது. ஆரம்பத்தில் ஊது விளக்கால் மேல் அலகைச் சுட்டிருக்கிறார்கள். சூடான பிளேடு மிஷின் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று உலகமே இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு முட்டைக்கோழி விதி, 10 நாளுக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு மட்டும், பயிற்சி பெற்றவர் கையால் மட்டும் வெட்டலாம் என்கிறது. அந்த ஒன்றியத்துக்குள்ளேயே சுவீடன், ஆஸ்திரியா போன்ற நாடுகளில் வெட்டுவதே இல்லை. ஜெர்மனியில் பண்ணையாளர்கள் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2017 முதல் மூக்கு வெட்டிய கோழிகளைப் பண்ணையில் இறக்குவதில்லை.

இங்கே நிலைமை வேறு. அந்த நாடுகளில் பெரும்பாலும் மூடிய ஷெட், வெளிச்சத்தைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். நமது ஷெட் இரு பக்கமும் திறந்தது. கிழக்கு மேற்காகக் கட்டியிருந்தாலும் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் ஓரக் கூண்டில் விழத்தான் செய்யும். வெளிச்சம் கூடக் கூடக் கொத்தலும் கூடும். அதனால்தான் நம்மால் இதை இன்னும் விட முடியவில்லை. வலிக்காது என்று சொல்லிக்கொண்டு வெட்டக் கூடாது. அலகின் மேல் தோடு நகம் போன்றது, சரி. அதற்கு உள்ளே நரம்பும் எலும்பும் ரத்தமும் இருக்கின்றன. கீழ் அலகின் நுனியில் தொடு உணர்ச்சிக்கென்றே நரம்பு முடிச்சுகள் உண்டு. வயது கூடிய கோழியை ஆழமாக வெட்டினால், அறுபட்ட நரம்பின் முனை கட்டி போலத் திரண்டு நாள்பட வலிக்கும். 10 நாளுக்குள், அளவோடு, சரியான சூட்டில் வெட்டினால் அந்தச் சிக்கல் குறைவு. நாள், அளவு, சூடு என்ற இந்த மூன்றையும் பிடித்துக்கொள்வதுதான் முறை.

ஒரு விஷயம் முன்னமே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நூறு நாட்டுக்கோழி மேயவிட்டு வளர்ப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மேய்ந்து தின்னும் கோழிக்குப் புழுவைப் பிடுங்கவும் கீரையைக் கிழிக்கவும் அந்த நுனி வேண்டும்.

எந்த நாள்

7 முதல் 10 நாள் வரை. நான் வைத்துக்கொள்வது ஒன்பதாம் நாள். அதற்கு முன் அலகு மிகவும் மெல்லியது, நுனி மட்டும் சுடப்பட்டுச் சீக்கிரம் வளர்ந்துவிடும். பத்து நாளைத் தாண்டினால் ரத்தமும் வலியும் கூடும்.

நாளை முடிவு செய்யும்போது தடுப்பூசி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் லசோட்டா (வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி) போட்டால் ஒன்பதாம் நாள் மூக்கு வெட்டு, பதினாலாம் நாள் கம்போரோ நோய்த் தடுப்பூசி என்று இடைவெளி விழும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே, பிடிக்கிற கூலி மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். தடுப்பூசியின் அலுப்பும் வெட்டின் அலுப்பும் ஒரே குஞ்சின் தலையில் விழுந்தால், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடை விழும்.

குஞ்சு சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாலும், ஆசனவாயில் எச்சம் ஒட்டிச் சோர்ந்து நின்றாலும் வெட்டைத் தள்ளிப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் விடிகாலை 5 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் முன்பு

குடிதண்ணீரில் வைட்டமின் கே கொடுக்க ஆரம்பியுங்கள். ரத்தம் சீக்கிரம் உறைய அது வேண்டும். வெட்டுக்கு இரண்டு நாள் முன்னும், வெட்டு நாளும், அதற்குப் பின் இரண்டு நாளும் கொடுக்க வேண்டும். அளவு புட்டி லேபிளில் இருக்கும், அதை மீற வேண்டாம். இந்த நாட்களில் சல்பா வகை மருந்து எதுவும் தண்ணீரில் போகக் கூடாது. ரத்தம் உறைவதை அது கெடுக்கும். தரையில் உமி போட்டு வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சலுக்கென்று சல்பாவைக் கையில் எடுப்பதுண்டு என்பதால் சொல்கிறேன்.

முந்தின நாள் நூறு குஞ்சை எடை போட்டு எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், பின்னால் எடை குறைந்தது வெட்டாலா தீவனத்தாலா என்ற பேச்சுக்கு முடிவே வராது.

ஆட்களைப் பற்றி

நாமக்கல் பக்கம் இதற்கென்றே பண்ணை பண்ணையாகப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள். ஆனால் நேற்று அவர்கள் எந்தப் பண்ணையில் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. பிளேடு சுட்டுக்கொண்டிருப்பதால் அதில் கிருமி நிற்காது. மிஷினைப் பிடிக்கிற கைப்பிடி, வயர், பை, செருப்பு, சட்டை, இவற்றில்தான் வரும். கேட்டருகிலேயே மிஷினைத் துடைத்து மருந்தடித்து, நம் செருப்பும் நம் சட்டையும் கொடுத்து உள்ளே விடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். குஞ்சுக்கு இவ்வளவு என்று பேசினால் கை தானாக வேகமெடுக்கும், இரண்டு நொடி ஒரு நொடியாகும். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் பின்னால் மறு வெட்டுக்கே போய்விடும், எனக்குப் போனது. என் கணக்கில் ஓர் ஆள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு குஞ்சைத் தாண்டினால் ஏதோ ஒன்றைத் தவிர்க்கிறார் என்று அர்த்தம்.

மிஷின்

பொதுவாக இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று காலால் மிதிப்பது. மிதித்தால் பிளேடு இறங்கும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது வெட்டுகிறவர் கணக்கு. இன்னொன்று மோட்டாரும், அதோடு சுழன்று பிளேடை இறக்கி ஏற்றும் கேமும் வைத்தது. அதில் பிளேடு தானாக இறங்கி, வைத்த நேரம் வரை நின்று, தானாக ஏறும். குஞ்சுக்கு இரண்டாவதுதான் நல்லது, ஐயாயிரமாவது குஞ்சுக்கும் முதல் குஞ்சுக்கு நின்ற அதே நேரம் நிற்கும்.

பிளேடுக்கு முன்னால் துளைத் தகடு இருக்கும். அதில் மூன்று துளை: சுமார் 4 மில்லிமீட்டர், 4.4, 4.8. ஒரு வாரக் குஞ்சுக்கு நடுத் துளை பெரும்பாலும் சரியாக இருக்கும். பத்து நாளை நெருங்கிய, எடை நன்றாக ஏறிய பேட்சுக்குப் பெரிய துளை வேண்டியிருக்கும். வயதைப் பார்த்து முடிவு செய்யாமல் ஐந்தாறு குஞ்சை வைத்துப் பாருங்கள். வெட்டிச் சுட்ட வளையத்துக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் துளை பெரிது. நுனி மட்டும் பட்டும் படாமலும் சுடப்பட்டிருந்தால் துளை சிறிது. கூண்டில் சின்னதும் பெரியதுமாகக் குஞ்சு கலந்திருந்தால், முதலில் பிரித்துவிட்டு அப்புறம் துளையை மாற்றி வெட்டுங்கள்.

இனி சூடு. பிளேடு 650 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அளக்க பைரோமீட்டர் இருந்தால் நல்லது. பெரும்பாலான பண்ணைகளில் கிடையாது, நிறத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நிழலில் பார்த்தால் பிளேடு மங்கலான அடர் சிவப்பில் தெரிய வேண்டும். கோவைப்பழம் போலப் பளிச்சென்று சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஆரஞ்சு ஏறினால் வெட்டவே வேண்டாம். இங்கேதான் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெயில் விழும் இடத்தில் மேசையைப் போட்டால் சரியான சூட்டிலிருக்கும் பிளேடுகூடக் கறுத்துத் தெரியும். சூடு பத்தவில்லை என்று திருகிக் கூட்டுவார்கள். பொழுது ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசி ஆயிரம் குஞ்சுக்கு மூக்கு கருகிக் கொப்புளம் கட்டியிருக்கும். அதனால் மேசை எப்போதும் நிழலில், ஒரே இடத்தில்.

கரண்டும் அப்படித்தான். மிஷின் நிறைய கரண்ட் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஐம்பது அடி இழுத்துப் போட்டால் வயர் சுடும், பிளேடு சுடாது. தடித்த வயர், பக்கத்து பிளக், முடிந்தால் ஸ்டெபிலைசர். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் நம் பிளேடு மங்குகிற ஊர்களும் உண்டு. மங்கினால் கையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். என் முதல் பேட்சில் ஊசி மூக்காக வந்ததெல்லாம் இப்படி மங்கிய நேரத்தில் வெட்டியவை என்று பின்னால்தான் கணக்குப் போட்டேன்.

பிளேடில் கரி ஏறிக்கொண்டே இருக்கும். இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். முனை மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். பிளேடு விலையைப் பார்த்து ஒரு பேட்சுக்கு வாங்கியதையே அடுத்த பேட்சுக்கும் ஓட்டுவது நல்ல சிக்கனம் இல்லை.

வெட்டு

மேசை, வெட்டுகிறவரின் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். ஒருவர் குஞ்சைப் பிடித்துப் பெட்டியில் கொண்டுவர, ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் வெட்ட வேண்டும். ஒரு பெட்டியில் அளவாகத்தான் போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அடியில் இருப்பது மூச்சடைத்துவிடும்.

முதலில், குஞ்சை ஒரு கையில் எடுத்து உடலை உள்ளங்கையில் அடக்குங்கள். கட்டை விரல் தலையின் பின்புறம், ஆள்காட்டி விரல் தொண்டையின் கீழே.

அடுத்து, ஆள்காட்டி விரலால் தொண்டையை மெல்ல அழுத்துங்கள். நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு அழுத்தத்தை மறந்தால் நாக்கு நுனி பிளேடில் படும். நாக்கு சுட்ட குஞ்சு தீவனத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும், தின்னாது, நாலாம் நாள் போய்விடும். அழுத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும். மூச்சுக்குழலும் அங்கேதான் இருக்கிறது.

அலகு மூடியிருக்கும்படி பிடித்து, துளைக்குள் நேராகவும் முழுதாகவும் நுழையவிடுங்கள். தலையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். அப்படிச் சாய்த்தால் மேல் அலகு ஒரு நூல் அதிகமாகவும் கீழ் அலகு ஒரு நூல் குறைவாகவும் வெட்டுப்படும். நமக்கு வேண்டியதும் அதுதான். மேல் அலகு எப்போதும் கீழ் அலகைவிட வேகமாக வளரும். சரிசமமாக வெட்டினால் சில வாரங்களில் மேலே கிளி மூக்குப் போல வளைந்துவிடும். தலை இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பியிருந்தால் வெட்டு கோணலாக விழுந்து, அலகு கத்திரி போலக் குறுக்கே வளரும்.

பிளேடு இறங்கும். இறங்கி வெட்டியபின் குஞ்சை இழுக்காதீர்கள். இரண்டு நொடி, பிளேடின் முகத்தோடு அலகு ஒட்டி நிற்க வேண்டும். 'ஒண்ணு, ரெண்டு' என்று வாய்க்குள் எண்ணினால் வேகமாகப் போய்விடும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர், "எண்ணாதீங்க தம்பி, ஒரு தடவ மூச்ச விட்டுட்டு எடுங்க" என்பார். அது சரியாக இரண்டு நொடிக்கு வருகிறது. நேரம் குறைந்தால் வளரும் தசை சாகாமல் அலகு ஏறுமாறாக முளைக்கும். நேரம் கூடினால் உள்ளே வரை வெந்து, நான் முன்பு சொன்ன நரம்புக் கட்டி வரும்.

எடுத்ததும் பாருங்கள். வெட்டு முகம் மட்டமாக, காய்ந்த பழுப்பு நிறத்தில், ரத்தமில்லாமல் இருக்க வேண்டும். முடி கருகும் வாடை வரும், அது சாதாரணம். சதை வேகும் வாடை வந்தால் சூட்டைப் பாருங்கள். ரத்தம் கசிந்தால் வெட்டாமல், கசிந்த இடத்தை மட்டும் பிளேடில் ஒரு தொடு தொட்டு எடுங்கள். கூண்டில் விட்டபின் ரத்தம் கசிந்தால் மற்றக் குஞ்சுகள் அந்தச் சிவப்பையே கொத்தும்.

நூறு குஞ்சுக்கு ஒருமுறை பத்தைப் பிடித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தில் இரண்டு சரியில்லை என்றால் நிறுத்தி, சூடா, துளையா, கையா என்று கண்டுபிடித்த பிறகு தொடருங்கள். வெட்டுகிறவரையும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி டீ குடிக்க அனுப்புங்கள். முதலில் அசருவது கண்தான்.

வெட்டிய அன்று சாயங்காலம்

இதைத்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பணம் கொடுத்து ஆட்களை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு கூண்டின் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். குஞ்சு முதலில் தலையை உதறும். அலகைக் கம்பியில் தேய்க்கப் போய், பட்டதும் பின்வாங்கும். பசித்துத் தீவனத் தட்டுக்கு வரும், ஒரு கொத்து கொத்தும். தட்டில் தீவனம் ஆழமாக இருந்தால் அலகு மாவில் புதையும், இரண்டாவது கொத்து கொத்தும். தீவனம் மெலிதாகப் பரவியிருந்தால் அலகு தகரத்தில் 'டக்'கென்று இடிக்கும். அத்தோடு திரும்பி மூலையில் போய் நின்றுகொள்ளும். வெட்டுக்குப் பின் சாகிற குஞ்சுகளில் பாதி இந்த 'டக்'கில் சாகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே ஒரு வாரத்துக்குத் தட்டு தளும்பத் தளும்பத் தீவனம். கீழே சிந்தினாலும் சிந்தட்டும். தண்ணீரும் அப்படித்தான். மணி வடிவ டிரிங்கரோ தட்டோ என்றால் தண்ணீர் மட்டத்தை உயர்த்துங்கள், அலகு அடியில் இடிக்கக் கூடாது. நிப்பிள் (கொத்தினால் சொட்டு விடும் குழாய் முனை) என்றால் எல்லாப் பக்கமும் அசைத்தால் தண்ணீர் விடும் வகை வேண்டும். மேல்நோக்கி மட்டும் தள்ள வேண்டிய நிப்பிளைப் புண்ணான அலகால் தள்ளத் தயங்கும். உயரத்தை ஒரு படி இறக்கி, அழுத்தத்தைக் குறைத்து, நுனியில் ஒரு சொட்டு தொங்கும்படி வைத்தால் பார்த்துக் குடிக்கும்.

குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரின் சூட்டை ஒன்றிரண்டு டிகிரி கூட்டுங்கள். சரியாகத் தின்னாத குஞ்சு குளிரும். இரவில் விளக்கு எரியட்டும், பகலில் தின்னத் தயங்கியது இரவில் வந்து தின்னும். மூன்று நாளைக்குக் கூண்டு மாற்றுவது, தடுப்பூசி போடுவது போன்ற எந்தத் தொந்தரவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் தீனிப்பையை (கழுத்தடியில் தீவனம் தங்கும் பை) தடவிப் பாருங்கள். நிறைந்திருந்தால் தப்பித்தது. காலியாக இருப்பவற்றைத் தனியே எடுத்து, தீவனத்தைத் தண்ணீரில் பிசைந்து வையுங்கள். ஏழாம் நாள் அதே நூறு குஞ்சு கணக்கில் எடை போடுங்கள். இரண்டு மூன்று நாள் வளர்ச்சி தள்ளிப்போவது சகஜம். ஒரு வாரம் கழித்தும் தள்ளியே நின்றால் வெட்டு ஆழமாகிவிட்டது என்று பொருள்.

இரண்டாம் வெட்டு

பத்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள். பலர் எல்லாக் கோழிக்கும் கட்டாயமாகச் செய்கிறார்கள். முதல் வெட்டு சரியாக விழுந்திருந்தால் மறுபடி வளர்ந்தவற்றை மட்டும் பொறுக்கிச் செய்தால் போதும். இந்த வயதில் நரம்பு முற்றியிருக்கும், வலி அதிகம், எடை விழுவதும் அதிகம்.

இதில் துளைத் தகடு கிடையாது. கோழியை ஓர் ஆள் கால், இறக்கையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேல் அலகையும் கீழ் அலகையும் தனித்தனியே வெட்டுங்கள். மேல் அலகில் மூக்குத் துளையிலிருந்து 6 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். கீழ் அலகு மேல் அலகைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு நிற்கட்டும். வெட்டி இரண்டு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகச் சுட்டபின், அலகின் இரண்டு ஓரத்தையும் பிளேடில் லேசாக உருட்டி எடுங்கள். ஓரம் கூராக நின்றால் கொத்தல் அதனாலேயே வரும்.

வைட்டமின் கே, ஆழத் தீவனம், எடை எல்லாம் முன்போலவே. கூடவே வெப்ப நேரத்தைத் தவிர்ப்பது இதில் இன்னும் முக்கியம். பத்து வாரக் கோழி பிடிபட்டுத் துள்ளி மூச்சு வாங்கும்போது வெயிலும் சேர்ந்தால் அங்கேயே விழுந்துவிடும்.

ஹேச்சரியிலேயே செய்யும் முறை

இன்ஃப்ராரெட் என்று ஒன்று உண்டு. ஹேச்சரியில் (குஞ்சு பொரிக்கும் இடம்), பொரித்த அன்றே, மிஷினில் குஞ்சின் தலையை மாட்டி அலகு நுனியில் கடுமையான ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேல் தோடு அப்படியே இருக்கும், உள்ளே வளரும் தசை மட்டும் நின்றுவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் நுனி மெத்தென்று ஆகித் தானே உதிரும். திறந்த புண் இல்லை, ரத்தம் இல்லை, வெட்டுகிற கையின் வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் 2011 முதல் வழக்கமான வெட்டுக்கு இந்த ஒரு முறைதான் அனுமதி. மிஷின் விலை பண்ணைக்குக் கட்டாது, ஹேச்சரிக்குத்தான் கட்டும். உங்கள் ஹேச்சரியில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அப்படி வந்த குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர் சுலபமாகக் கிடைக்க வேண்டும். முதல் வாரத்தில் தண்ணீர் சரியில்லை என்றால் நுனி உதிரும் சமயத்தில் குஞ்சு வாடிவிடும்.

வெட்டியும் கொத்துகிறதே

என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கு வெட்டு கொத்தின் காயத்தைக் குறைக்கும், கொத்துகிற ஆசையைக் குறைக்காது. கூண்டில் ஒரு கோழி அதிகமா, தீவனத்தில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலமோ உப்போ குறைந்ததா, உண்ணி, செள் இருக்கிறதா, மேற்கு ஓரக் கூண்டில் சாயங்கால வெயில் விழுகிறதா என்று பாருங்கள். உப்பு குறைந்த தீவனம் இரண்டு வாரம் போனாலே இறகு பிடுங்கல் ஆரம்பித்துவிடும். மேற்கு ஓரத்தில் ஒரு சாக்குப் படுதா கட்டியதிலேயே எங்கள் ஷெட்டில் அந்த வரிசைச் சாவு நின்றது. சாக்குக்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பதினாறாம் வாரத்தில்

லேயர் கூண்டுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கோழியும் எப்படியும் ஒருமுறை கைக்கு வரும். அப்போது அலகைப் பாருங்கள். நுனி வளர்ந்தது, கோணல், கரண்டி எல்லாம் அங்கே தெரியும். தெரிந்தாலும் பிளேடைத் தொடாதீர்கள். முட்டைக்கு இன்னும் சில வாரம்தான், இப்போது வெட்டினால் எடையும் முட்டையும் சேர்ந்து தள்ளிப்போகும். கூர் மூக்குள்ளவற்றை ஒரே வரிசையாகப் பிரித்து, வெயில் விழாத நடு ஷெட்டில், கூண்டுக்கு ஒன்று குறைத்துப் போடுங்கள். அந்த வரிசையில் எத்தனை கோழி நின்றது என்று பேட்ச் நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த பேட்சுக்கு எந்த ஆளை மறுபடி கூப்பிடுவது என்பது அதிலேயே இருக்கும்.